ஒரு சந்திப்பில் ஒரு கோரிக்கை

மாகாணசபை உறுப்பினராக நான் இருந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. இலங்கையில் இந்திய இராணுவம் நின்ற காலத்தில் வடக்கையும் கிழக்கையும் சேர்த்து ஒரு சபை அமைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை வேட்பாளராகப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் போட்டியே இருக்கவில்லை. ஒருவரும் எனக்கு வோட்டுப் போடவில்லை, ஒருவரும் எனக்கு எதிராகவும் போடவில்லை, நான் உறுப்பினராகிவிட்டேன். திருகோணமலையில் ஒரு மேசை கிடைத்தது. வாசலில் ஆயுதத்தோடு இரண்டு பேர் நின்றார்கள். இந்திய இராணுவம் திரும்பிப் போனபோது எங்களையும் குடும்பங்களோடு கப்பலில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுபோனது. சபை அதோடு முடிந்தது. என்னோடு அங்கே இருந்தவர்களில் சிலர் பிறகு அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை.

மனைவியையும் மூன்று வயது மகளையும் திருச்சியில் ஒரு மாடி வீட்டில் விட்டுவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தேன். வந்த முதல் வருடங்களில் என் பழைய பதவியை ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தச் சபையில் இருந்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் மத்தியில் ‘துரோகி’ என்று ஒரு பட்டம் இருந்தது. அந்தப் பட்டத்தோடு ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறைகூட வாடகைக்குக் கிடைத்திராது. ஊரில் வாத்தியார் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

குடிவரவு அதிகாரிகளிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நிரந்தர வதிவிட உரிமை, நாங்கள் எல்லோரும் ‘லாண்டிங்’ என்று சொல்வது, வரவில்லை. அது வந்தால்தான் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட முடியும். நகர மையத்தில் ஒரு கட்டடத்துக்கு என்னை அழைத்து, வாசலில் நின்ற அந்த இரண்டு பேருக்கும் ஆயுதம் கொடுத்தது யார், நான் துவக்குத் தூக்கினேனா, எந்த இராணுவத்தின் வாகனத்தில் போய்வந்தேன் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு எப்போது விசாரித்தாலும் ஒரே பதில்தான்: பின்னணி விசாரணை நடக்கிறது. என்னோடு வந்தவர்கள் லாண்டிங் எடுத்து, குடும்பத்தைக் கூப்பிட்டு, விட்பியில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கும் போய்விட்டார்கள். நான் ரெக்ஸ்டேலில் பிளாஸ்டிக் வாளிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலைக்கு நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு பஸ் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருந்தேன்.

வேலை இல்லாத நாட்களில் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்க்கப் போவேன். வாடகை வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, பிள்ளைக்குச் சுகாதார அட்டை வரவில்லை என்பதுபோன்ற காரியங்களுக்கு எங்கள் தொகுதியின் மாகாண உறுப்பினருடைய அலுவலகத்துக்குத்தான் போவோம். அது ஒரு பிளாஸாவில், பல் வைத்தியருக்கும் டோனட் கடைக்கும் இடையில் இருந்தது. உறுப்பினர் அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரர். முன்பு காப்புறுதி விற்றவர். உள்ளறையில் இருந்துகொண்டு ஆளை அனுப்பாமல் தானே வெளியே வந்து சனத்தோடு கதிரையில் இருப்பார்.

ஒருநாள் நான் கூட்டிப்போன அம்மாவின் அலுவல் முடிந்ததும் என்னை நிற்கச் சொன்னார்.

“நீங்கள் உங்கள் நாட்டில் என்ன வேலை செய்தீர்கள்?”

“ஆசிரியர்.”

“ஆசிரியர்கள் விளக்கிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டீர்கள். வேறு என்னவோ செய்திருக்கிறீர்கள்.”

ஏன் சொன்னேன் என்று தெரியாது. “உங்களைப்போலத்தான். மாகாணசபையில் உறுப்பினர்” என்றேன். அவர் எழுந்து, மேசைக்கு மேலால் கையை நீட்டி, சற்று முன்னர் கொடுத்த கையை இன்னொரு முறை கொடுத்தார். “மெம்பர்” என்றார். அன்றிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அந்த நகரத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்கள் வேலை தேடுகிறீர்களா, மெம்பர்?” என்று கேட்டார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். “வாளி மூடியைச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். இப்படித்தான் நான் அவருடைய அரசாங்கத் தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். நிறுவனம் என்றால் சட்டசபைக் கட்டடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறை. ஊழியர்கள் அவரும் நானும்.

அரசாங்கத்திடம் காரியம் ஆகவேண்டிய கம்பனிகளும் சங்கங்களும் எங்களிடம் வரும். யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, என்ன கேட்பது என்று சொல்லிக்கொடுத்து, அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அறையில் இருத்துவது எங்கள் வேலை. அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், ஒரு சந்திப்பில் ஒரு கோரிக்கை. இரண்டாவதைக் கேட்டால் முதலாவதையும் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொண்டுபோவது ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க முன்னர் நாங்கள் நன்றி சொல்லி எழும்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறைக்குள் நாங்கள் இன்னொருவருக்காகத்தான் போகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

பாடம் நன்றாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள்தான் இல்லை. மாகாணத்தில் வேறு கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. அவர் கைபிடித்து வளர்த்தவர்கள்கூட நடைபாதையில் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார்கள். ஒருமுறை, அவரிடம் முதல் வேலை பழகிய ஒருவன், இப்போது ஒரு பெரிய அதிகாரியின் உதவியாளனாக இருப்பவன், எங்களைக் காலையிலிருந்து வெளியே இருத்திவிட்டு மத்தியானம் இன்றைக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினான். அவர் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கழுத்துப் பட்டியில் தண்ணீர் பட்டிருந்தது.

“நான் எத்தனை பேரை இப்படி இருத்தியிருப்பேன்” என்றார். என்னிடம் சொன்னாரோ தனக்குள் சொன்னாரோ தெரியவில்லை.

என் சொந்த விடயத்தை நான் அவரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அது மத்திய அரசு. அதுவும் பாதுகாப்பு விசாரணை. அதற்குள் எந்த அரசியல்வாதியும் கையை வைக்கமாட்டான். நாங்கள் கேட்டால் ஏன் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். பொறுங்கள், மெம்பர்.”

நான் நம்பினேன். இந்த நாட்டில் எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

மாகாணத்தில் வழி அடைபட்டதால் அவர் ஒட்டாவா பக்கம் திரும்பினார். அங்கே அவருடைய கட்சிதான் ஆட்சியில் இருந்தது. அந்த நேரத்தில்தான் நானா வந்தார். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்; மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். எண்பதுகளின் தொடக்கத்திலேயே வந்து, ஸ்காபரோவில் களஞ்சியம் ஒன்று வைத்து, மாசிக் கருவாடும் மற்றக் கருவாடுகளும் அரிசிமாவும் இறக்குமதி செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய கருவாட்டுக் கொன்டெய்னர்கள் மொன்றியல் துறைமுகத்தில் மறிபட்டுக் கிடந்தன. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஒவ்வொரு மீன் இனமாகப் பரிசோதிக்க வேண்டும் என்று புதிதாக வந்த ஓர் அதிகாரி சொல்லிவிட்டார்.

“தம்பி, அவையளுக்குக் கட்டாவும் தெரியாது பாரையும் தெரியாது” என்றார் நானா. “எல்லாத்துக்கும் ‘காய்ஞ்ச மீன்’ எண்டு ஒரே பேர். பேர் தெரியாத சாமானை எப்பிடிப் பரிசோதிக்கிறது? கோடை வந்தால் எல்லாம் நாசம்.”

நான் மீன்களின் தமிழ்ப் பெயர்களுக்குச் சரியான ஆங்கிலப் பெயர்களைத் தேடி நூல்நிலையத்தில் இருந்தேன். கடைசியில் கோரிக்கையை ஒரு வசனத்துக்குக் கொண்டுவந்தோம்: பெட்டி பெட்டியாக அல்ல, ஒரு தொகுதிச் சரக்குக்கு ஒரு மாதிரி எடுத்துப் பரிசோதியுங்கள். என் முதலாளிக்கு அது பிடித்துக்கொண்டது. மீன்துறை அமைச்சரின் ஆலோசகரோடு சந்திப்பு ஒன்று எடுத்தார். தோற்ற பிறகு அவர் உரத்துச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

சந்திப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலக் காலையில் திருச்சிக்கு எடுத்தேன். கீழ்வீட்டு அம்மாவின் தொலைபேசி. அவர் மாடிக்குக் குரல் கொடுப்பார், மனைவி இறங்கி வருவாள். முன்பெல்லாம் அவள் முதலில் கேட்பது ‘எப்ப?’ என்பதுதான். சில மாதங்களாக அதைக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். கேட்டபோது வந்த கவலையைவிட, கேட்காமல் விட்டது என்னைப் பயமுறுத்தியது.

“இஞ்சருங்கோ, நான் ஒரு முடிவு எடுத்திட்டன்” என்றாள். “நாங்கள் கொழும்புக்குப் போறம். அக்கா வெள்ளவத்தையில ஒரு அறை பாத்து வைச்சிருக்கிறா.”

“உமக்கென்ன விசரா? நீர் ஆரின்ர மனுசி எண்டு அங்கை ஒருத்தருக்கும் தெரியாதோ?”

“இஞ்ச மட்டும் என்ன வாழுது? மாசாமாசம் பொலிஸ் ஸ்டேசனில போய் நிண்டு கையெழுத்து வைக்கிறன். வீட்டுக்காரர் மகனுக்குக் கலியாணமாம், வீட்டை விடச்சொல்லிப்போட்டார். சிலோன்காரர் எண்டால் வேற வீடு ஒருத்தரும் தாறேல்லை. நான் எத்தினை வீட்டுப்படி ஏறி இறங்கீட்டன் எண்டு உங்களுக்குத் தெரியாது.”

“எங்கட ஃபைல் டெல்லியில கனடாத் தூதரகத்தில இருக்கு. நீர் கொழும்புக்குப் போனால் அதையும் அங்கை மாத்தவேணும். திரும்பவும் அடியிலயிருந்துதான் தொடங்குவாங்கள். கொஞ்சம் பொறும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது.

“ஆக்களுக்காக அரசாங்கத்தோட கதைக்கிற வேலை எண்டு சொன்னனீங்கள்” என்றாள். “எங்கடையை ஒருக்கால் கதைச்சுப் பாத்தனீங்களோ?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாதக் கடைசியில் பயணம், டிக்கெட் எடுத்தாயிற்று என்றும் சொன்னாள். மகள் போனுக்கு வரவில்லை. படிக்கிறாள் என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடியக் காரில் வெளிக்கிட்டோம். முதலாளி ஓட்டினார், நானா முன்னால், நான் பின்னால். வழி முழுவதும் பனி உருகி வயல்களில் தண்ணீராக நின்றது. நானா கையில் ஒரு பை வைத்திருந்தார். அதற்குள் நன்றாக மூடிக்கட்டிய நெத்தலிக் கருவாடு. எக்காரணம் கொண்டும் அதை அங்கே திறக்கக்கூடாது என்று முதலாளி மூன்று தரம் சொன்னார். நான் மூன்று தரமும் மொழிபெயர்த்தேன். நானாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆனாலும் நான் சொல்லி முடிக்கும் வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் முப்பது வயதுகூட இராத ஒரு பெண். எங்கள் ஒரு பக்கத்தை எங்களுக்கு முன்னாலேயே வாசித்தாள். நல்ல கேள்விகள் கேட்டாள். முதலாளி அதிகம் பேசாமல் என்னைப் பேச விட்டார். நான் தொகுதிக்கு ஒரு மாதிரி என்பதை விளக்கினேன். நானா தன் களஞ்சியத்தின் சுத்தத்தைப் பற்றிச் சொன்னார். அவள் குறிப்பெடுத்துக்கொண்டு, இது நியாயமாகத்தான் தெரிகிறது, நான் மொன்றியலோடு பேசுகிறேன் என்றாள். இவ்வளவு சுலபமாக ஒரு சந்திப்பு முடிந்து நான் கண்டதில்லை.

முதலாளி நன்றி சொல்லி எழுந்தார். நானாவும் எழுந்தார். நான் எழும்பவில்லை.

“இன்னொரு விடயம் இருக்கிறது” என்றேன். “என்னுடைய விடயம்.”

முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். அந்தப் பெண் பேனையை மூடப் போனவள் அப்படியே வைத்திருந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். மற்றவர்களின் கதையை ஒழுங்காக எடுத்துச் சொல்லத் தெரிந்த எனக்கு என் கதைக்கு எது தொடக்கம் என்று தெரியவில்லை. கப்பலில் தொடங்கி, வாளி மூடிக்குப் போய், திருச்சிக்கு வந்து, சபைக்குத் திரும்பினேன். நான் உறுப்பினர், எனக்கு ஒருவரும் வோட்டுப் போடவில்லை என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. மாதக் கடைசியில் அவர்கள் கொழும்புக்குப் போகிறார்கள், அங்கே அவர்களுக்கு என்னவும் நடக்கலாம், என்னைக் கனடாவுக்கு வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லுங்கள், நான் போகிறேன், ஆனால் ஏதாவது சொல்லுங்கள் என்றேன். இடையில் எங்கோ ஆங்கிலம் போய்விட்டது. சில வசனங்களைத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அது பிறகு நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“இது எங்கள் அமைச்சு இல்லை” என்றாள் அவள். குரலில் பயம் இருந்தது. “இதை நான் கேட்டிருக்கவே கூடாது.”

“தெரியும். ஆனால் உங்கள் அமைச்சர் மற்ற அமைச்சரோடு ஒரே மேசையில் இருப்பவர்தானே?”

“ஐயா, தயவுசெய்து.”

முதலாளியின் கை என் தோளில் விழுந்தது. “மெம்பர்” என்றார். “எழும்புங்கள்.”

திரும்பும் வழியிலும் முதலாளிதான் ஓட்டினார். கிங்ஸ்டனுக்கு அருகில் பெட்ரோல் அடிக்க நிறுத்தினார். அவர் இறங்கிப் போனதும் நானா முன் இருக்கையிலிருந்து திரும்பினார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய சந்திப்பு, அவருடைய சரக்கு, அவருக்காகப் பேசப் போன ஆள் நான்.

“தம்பி, நீர் ஆரெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்.”

“எப்பிடி?”

“எங்கட அண்ணன்ர மகனை இந்தியன் ஆமி பிடிச்சுக்கொண்டு போகேக்க, நீர்தான் காம்புக்குப் போய்க் கதைச்சு எடுத்துக் குடுத்தனீர். அண்ணன் படம்கூட அனுப்பினவன். பெடியன் நடுவில, நீர் பக்கத்தில.”

அந்தப் பெடியனின் முகத்தை நினைவுபடுத்தப் பார்த்தேன். முடியவில்லை. அந்த நாட்களில் எத்தனையோ வீட்டுக்காரர்கள் எத்தனையோ பெடியன்களுக்காக வந்தார்கள்.

“இவ்வளவு நாளும் ஏன் நானா ஒண்டும் சொல்லேல்லை?”

“நீரே சொல்லாததை நான் ஏன் சொல்லுவான்?” என்றார். பிறகு, “தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் சனத்தையெல்லாம் ஊரைவிட்டுக் கலைச்சபிறகு அண்ணனாக்கள் இப்ப புத்தளத்தில கொட்டிலில இருக்கினம். பெடியன் மீன் விக்கிறான். உயிரோட இருக்கிறான்” என்றார். முதலாளி வருவதைக் கண்டதும் முன்னால் திரும்பிவிட்டார்.

அடுத்தநாள் காலையில் முதலாளி எனக்கு முன்னரே அலுவலகத்துக்கு வந்திருந்தார். இருக்கச் சொன்னார்.

“அவள் நேற்றே தொலைபேசியில் கூப்பிட்டாள். கருவாட்டு விடயத்தைச் செய்வாள். அதில் பிரச்சினை இல்லை. ஆனால் உங்களைக் கூட்டிக்கொண்டு நான் இனி அந்தக் கட்டடத்துக்குள் போக முடியாது. அந்தக் கட்டடத்துக்குள் போக முடியாவிட்டால் எனக்கு இந்த இரண்டு அறையும் இல்லை.”

எனக்கு அது விளங்கியது. விளங்கிய பிறகும் வாயில் வந்ததைச் சொன்னேன். “நீங்கள் ஒருதரம் எனக்காகக் கேட்டிருந்தால் நான் இப்படிக் கேட்டிருக்கமாட்டேன்.”

அவர் எழுந்து யன்னல் பக்கம் போனார்.

“நான் கேட்டேன், மெம்பர். போன வருடம் ஒருதரம், இந்தக் குளிருக்குள் ஒருதரம். என்னோடு முப்பது வருடம் பழகியவர்கள். முதல்முறை பேச்சை மாற்றினார்கள். இரண்டாம் முறை, இனி இதைப் பற்றிக் கேட்டால் உன் தொலைபேசியையே எடுக்கமாட்டோம் என்றார்கள். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.”

வேலை போனதைவிட இதுதான் என்னை உடைத்தது. அவர் கேட்கவில்லை என்று நினைத்த வரைக்கும் எனக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. என்றைக்காவது கேட்பார், கேட்டால் நடக்கும். இப்போது அதுவும் இல்லை. லிஃப்ட்டுக்குக் காத்திருக்க மனமில்லாமல் படியால் இறங்கினேன். வெளியே வந்து எந்தப் பக்கம் பஸ் எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். நாள்தோறும் போய்வந்த தெரு அது.

மாதக் கடைசியில் அவர்கள் கொழும்புக்குப் போனார்கள். நானா என்னைத் தன் களஞ்சியத்தில் வேலைக்கு எடுத்தார். கருவாட்டுப் பெட்டிகள் ஒன்றொன்றாக மொன்றியலிலிருந்து வந்துசேர்ந்தன. நானே அவற்றை இறக்கினேன்.

அந்த வருடக் கடைசியில் கொழும்பில் குண்டு ஒன்று வெடித்தது. வெள்ளவத்தையில் தமிழர்கள் இருந்த அறைகளையெல்லாம் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். மனைவியின் அக்காவுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. நான் களஞ்சியத்தில் இருந்து எடுத்தேன், தெருவோரத் தொலைபேசியில் எடுத்தேன், நானா வீட்டில் இருந்து எடுத்தேன். இரண்டாம் நாள் நானா தன் கொழும்பு வியாபாரக் கூட்டாளி ஒருவரை அனுப்பி விசாரித்தார். மனைவியைப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். புருஷன் எங்கே, என்ன செய்கிறான் என்றுதான் கேட்டார்களாம். கனடாவில் கருவாட்டுக் கடையில் வேலை என்று சொல்லியிருக்கிறாள். அதிகாரி நம்பவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். பிள்ளை அக்காவோடு பக்கத்து வீட்டில் இருந்தாள்.

அதன் பிறகு நான் வெட்கத்தை விட்டேன். எங்கள் தொகுதி மத்திய உறுப்பினரின் அலுவலகத்துக்கு வாரத்துக்கு ஒருதரம் போனேன். அங்கே வரவேற்பு மேசையில் ஒரு தமிழ்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிப்பவள், தொண்டராக இருந்தாள். “அங்கிள், போன கிழமையும் வந்தனீங்கள்தானே? ஸ்டில் நத்திங்” என்பாள். ஓம் பிள்ளை, இந்தக் கிழமையும் ஒருக்கால் கேளும் என்பேன். அவள் கேட்பாள். அவள் எனக்காக ஆங்கிலத்தில் பேசும்போது நான் பக்கத்துக் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அவள் என் பெயரைத் தவிர என்னைப் பற்றி ஒன்றும் அறியாள். நானும் சொல்லவில்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்களுக்கு நான் லாண்டிங் வராத இன்னொரு கிழவன். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

லாண்டிங் கடைசியில் வந்தது. அடுத்த வருடக் கோடையில், எந்த விளக்கமும் இல்லாமல், நேர்முகத்துக்கு வரச்சொல்லி. ஏன் அவ்வளவு காலம் நின்றது, ஏன் அப்போது நகர்ந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். தான் எதுவும் செய்யவில்லை என்றார். செய்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அந்த ஆலோசகர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். “வாழ்த்துகள், மெம்பர்” என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அந்த இரண்டு அறைகளையும் அவர் கைவிட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மனைவியினதும் மகளினதும் ஃபைல் கொழும்பில் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. அவர்கள் வந்திறங்கியபோது மகளுக்குப் பதினொரு வயது. விமானநிலையத்தில் அவள் தாயின் கையை விடவில்லை. எனக்குக் கொஞ்சம் தலையை ஆட்டினாள். மனைவி மெலிந்து, காதோரம் நரைத்திருந்தாள். காரில் அவள் கேட்டது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எப்போது சேர்க்கலாம் என்பதுதான்.

திங்கட்கிழமை மூவரும் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

“நீங்கள் இருங்கோ” என்றாள். “நான் கதைக்கிறன்.”

அவளுக்கு ஆங்கிலம் பேச வருமென்று எனக்குத் தெரியாது. நான் விட்டுவந்தபோது வரவில்லை. மெதுவாக, சொற்களுக்கு நடுவில் நின்று நின்று பேசினாள். பிள்ளை இடையில் ஒரு வருடம் படிக்கவில்லை, ஆனால் வகுப்பைக் குறைத்துப் போடவேண்டாம் என்றாள். அந்தப் பெண் முடியாது, வயதும் சான்றிதழும் பார்த்துத்தான் போடுவோம் என்றாள். மனைவி குரலை உயர்த்தவில்லை. நகரவும் இல்லை. பரீட்சை வைத்துப் பாருங்கள், இப்போதே வைத்துப் பாருங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றாள். கவுண்டர் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்ற அந்த நிலையைப் பார்த்தபோது, எனக்குத் தெரியாத எத்தனை பொலிஸ் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் அவள் இப்படி நின்றிருப்பாள் என்று நினைத்தேன். கேட்கத் துணிவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

அந்தப் பெண் எழுந்து உள்ளே யாரையோ கூப்பிடப் போனாள். நான் சுவரோரம் இருந்த சின்னக் கதிரைகளில் ஒன்றில் இருந்தேன். மகள் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.